எந்த இலை முதலில் வெளுத்தது?

அன்புள்ள தம்பிக்கு,

கச்சிராயபாளையத்துப் பக்கம் உங்கள் மறுதாம்புக் கரும்பும் வெள்ளிமலை மேல் மாமாவின் மரவள்ளியும் ஒரே சமயத்தில் வெளுத்துக் கிடக்கின்றன, இரண்டுக்கும் யூரியா வீசிவிடலாமா என்று எழுதியிருந்தாய். இப்போது வீசாதே. முதலில் வயலுக்குள் இறங்கி, எந்த இலை முன்னால் வெளுத்தது என்று பார்.

தழைச்சத்தும் மெக்னீசியமும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி முதிர்ந்த இலையிலிருந்து அவற்றை எடுத்துக் குருத்துக்கு அனுப்பிவிடும். அதனால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். தழைச்சத்துக் குறைவென்றால் இலை முழுவதும் சீராக வெளுக்கும். மெக்னீசியக் குறைவென்றால் நரம்பு பச்சையாக நிற்க, நடுவில் இருக்கும் சதை மட்டும் மஞ்சளாகும். இரும்பு அப்படி எளிதில் நகராது, போய்ச் சேர்ந்த இலையிலேயே தங்கிவிடும். ஆகவே இரும்பு போதாத செடியில் அடி இலை பச்சையாக இருக்கும், குருத்து வெளிறும். முற்றினால் குருத்து வெள்ளைக் காகிதம் போலவே ஆகிவிடும்.

கரும்பில் குருத்துதான் வெளுத்திருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். அது இரும்புக் குறையின் அடையாளம், யூரியா தரும் தழைச்சத்தால் தீராது. மண்ணில் இரும்பே இல்லை என்றும் நினைக்காதே. செம்மண்ணின் சிவப்பே இரும்பால் வந்ததுதான். சுண்ணாம்பு மிகுந்து, கார அமில நிலை 7.5-ஐத் தாண்டிய மண்ணில் அந்த இரும்பு கரையாமல் கிடக்கும், வேருக்கு எட்டாது. உப்பும் சுண்ணாம்பும் கலந்த போர் தண்ணீரையே வருடக்கணக்கில் பாய்ச்சினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) கரைத்து, வெளுத்த இலை ஒன்றின் பாதியில் மட்டும் சாயங்காலம் துணியால் தடவிவிடு. சில நாளில் தடவிய பாதி பச்சை பிடித்தால் காரணம் இரும்புக் குறைதான். பிரான்சில் யூசேப் கிரிஸ் என்பவர் 1840-களிலேயே, வெளிறிய இலைமேல் இரும்பு உப்புக் கரைசல் பட்டால் பச்சை திரும்புகிறது என்று காட்டினார். எனக்கு இதைவிடப் பிடித்த சோதனை வேறில்லை. காசு செலவில்லை, பதில் செடியிடமிருந்தே வருகிறது. பச்சை பிடித்தால் அதே அளவில், 10 லிட்டர் டேங்குக்கு 50 கிராம் போட்டு, வெயில் தாழ்ந்தபின் தெளி. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் தெளிக்க வேண்டியிருக்கும். அன்னபேதியைத் தனியாக மண்ணில் போட்டால் அதுவும் கரையாமல் போகும். தொழு உரத்தோடு கலந்து வைத்துப் போடு.

மலை மரவள்ளியின் கதை வேறு. இலை கோணி, சுருங்கி, மஞ்சளும் பச்சையும் ஒழுங்கில்லாமல் திட்டுத் திட்டாக இருக்கிறதென்றால் அது சத்துக் குறையல்ல, தேமல் நோய். சத்துக் குறை பெரும்பாலும் இலையின் இரு பக்கமும் ஒத்த மாதிரி தெரியும். தேமல் அப்படி வராது. அது வைரஸ். வெள்ளை ஈ பரப்பும், நட்ட குச்சியோடும் வரும். எந்த உரமும் அதைத் தீர்க்காது. நோய் கண்ட செடியிலிருந்து அடுத்த நடவுக்கு மாமா ஒரு குச்சிகூட வெட்டக் கூடாது. இதை மட்டும் நீ கண்டிப்பாகச் சொல். சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நல்ல குச்சி பற்றி அங்கே கேளுங்கள். தேமலைத் தாங்கும் ஸ்ரீ ரக்ஷா போன்ற ரகங்களும் இப்போது உண்டு.

படத்தில் பார்த்த ஜப்பானிய ஐரிஸ் பூச்செடி நம் கல்வராயன் மலையில் வருமா என்றும் கேட்டிருந்தாய். ஜூன் மாதத்தில் பூக்கும் அந்தச் செடிக்குக் குளிர்காலம் வேண்டும், அமிலத்தன்மையுள்ள மண் வேண்டும், வளரும்போது நிறையத் தண்ணீர் வேண்டும். மண் ஒத்துவந்தாலும் நம் மலைக் குளிர் போதாது. சுண்ணாம்பு மண்ணில் நட்டால் அதற்கும் உன் கரும்பைப் போலவே இளம் இலை மஞ்சளாகிவிடும்.

கரும்போ மரவள்ளியோ மழைக்குப் பிறகு வெளுத்திருந்தால், வேரடியில் தண்ணீர் தேங்கியதா என்றும் பார். மூச்சு முட்டிய வேர் எந்தச் சத்தையும் எடுக்காது. வடிகால் வெட்டுவதுதான் அதற்கு மருந்து.

மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும்போது வரப்போரம், எருக்குழி, மர நிழல் வேண்டாம். கரும்புக்கும் மரவள்ளிக்கும் 22 செ.மீ. ஆழம் வரை ‘வி’ வடிவில் குழி வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி எடு. பல இடத்து மண்ணைக் கலந்து அரை கிலோ போதும். கரும்பு வயலுக்கும் மலை நிலத்துக்கும் தனித்தனிப் பை.

அன்புடன்,
பெரியப்பா