சர்க்கரையில்லாப் பிஸ்கோத்துகளின் ருசியும் குணமும்

கிராமத்துப் பெட்டிக் கடைகளிலுங்கூட இக்காலத்தில் ‘சர்க்கரையற்றது’ என்று அச்சிட்ட பிஸ்கோத்துப் பொட்டலங்கள் காணப்படுகின்றன. நீரிழிவுள்ள பெரியவர்கள் இருக்கும் வீடுகளில், சற்று அதிக விலை கொடுத்தேனும் இவற்றை வாங்கி வைப்பது வழக்கமாகி வருகிறது. சாதாரணப் பிஸ்கோத்தில் இரண்டோடு நிறுத்திக்கொள்ளும் மனிதர், இதில் தோஷமில்லையென்று எண்ணி எட்டும் பத்தும் தின்றுவிடுகிறார். அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரியானது, கொடுக்கும் விலைக்குத் தக்க சரக்கு எது என்பவற்றை நிலமுடையோரும் கிராம உத்தியோகஸ்தரும் அறிந்திருத்தல் நலம்.

பிஸ்கோத்தில் சர்க்கரை இனிப்புக்காக மாத்திரம் சேர்க்கப்படுவதன்று. கோதுமை மாவிலுள்ள பசைச்சத்து நீரை உறிஞ்சி இழையிழையாகக் கட்டிக்கொள்ளும் சுபாவமுடையது. சர்க்கரை அந்நீரைத் தான் பற்றிக்கொண்டு, பசை மிகுதியாகக் கட்டாமல் தடுக்கிறது. அடுப்பிலே உருகி மாவைப் பரவச் செய்கிறது. ஆறியபின் இறுகி, ஒடித்தால் ‘படக்’கென்று ஒடியும் முறுகலைத் தருகிறது. மேற்புறத்தின் செம்பழுப்பு நிறத்திற்கும் வறுத்த வாசனைக்கும் அதுவே பெருந்துணை. ஆகையால் சர்க்கரையை நீக்கிவிட்டு, அதனினும் சுமார் 600 மடங்கு இனிப்புள்ள சுக்ரலோஸில் அணுவளவு சேர்த்தால் இனிப்புக் கிட்டுமேயன்றிப் பிஸ்கோத்துக் கிட்டாது. பாகில்லாமல் அதிரசம் சுட முற்படுவது போன்றதே அது.

அந்தக் குறையை நிரப்பவே மால்டிட்டால், சார்பிட்டால், எரித்ரிட்டால் முதலிய பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. இவற்றிற்குச் சர்க்கரை ஆல்கஹால்கள் என்று பெயர். பெயரைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை, இவை போதை தருவனவல்ல. மால்டிட்டால் மக்காச்சோளம், கோதுமை ஆகியவற்றின் மாச்சத்திலிருந்து செய்யப்படுவது. சர்க்கரையின் இனிப்பில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு இதற்குண்டு. முறுகலும் ஓரளவு நன்றாய் வரும். ருசியை மாத்திரம் கருதினால், மால்டிட்டால் சேர்ந்த பிஸ்கோத்தே அசலுக்கு மிகவும் சமீபமானது. எரித்ரிட்டாலோ நாக்கில் கரையும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் ஒருவகைக் குளிர்ச்சி தட்டும். புதினா வில்லைக்குப் பொருந்தும் அக்குளிர்ச்சி வெண்ணெய்ப் பிஸ்கோத்துக்குச் சிறிதும் பொருந்துவதில்லை. அன்றியும், ஆறியபின் அது மணிகட்டிப் பல்லில் நறநறக்கும்.

தீவிர இனிப்புச் சரக்குகளிலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறையுண்டு. 1879-ல் கண்டறியப்பட்ட சாக்கரின் பின்கசப்பு உடையது. பராகுவே தேசத்துச் செடியாகிய சீனித்துளசியின் சத்து, அதிமதுரத்தைப் போல் தொண்டையில் நெடுநேரம் நிற்கும். அஸ்பார்ட்டேம் சூட்டில் இனிப்பை இழப்பதால் அடுப்புப் பண்டத்துக்கு ஏற்றதன்று. சுக்ரலோஸ் சூட்டை மேலாகத் தாங்கும். ஆனால் விழுங்கியபின்னும் இனிப்பு விடாது.

இத்தகைய பிஸ்கோத்துகளில் பால்வாசனை குறைவாயிருப்பதற்கும் ஒரு காரணமுண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, ‘சர்க்கரையற்றது’ என்று சொல்லப்படும் திடப்பண்டத்தில் 100 கிராமுக்கு 0.5 கிராமுக்கு மேல் சர்க்கரைகள் இருத்தலாகாது. பாலிலுள்ள லாக்டோஸும் சர்க்கரையாதலால் பால்பொடியைத் தாராளமாகச் சேர்க்க இயலாது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். சர்க்கரை இல்லையென்பதால் மாவும் இல்லையென்று ஆகாது. இதைக் கிராமத்தார்க்குக் கண்கூடாகக் காட்டுவது எளிது. சர்க்கரையற்ற பிஸ்கோத்து ஒன்றைப் பொடித்து வெந்நீரில் கலக்கி, நன்றாய் ஆறியபின், காயத்துக்குத் தடவும் அயோடின் மருந்தில் இரண்டொரு சொட்டு விட்டால் நீர் கருநீலமாய் மாறும். அதே சோதனையைச் சோற்றுக் கஞ்சியில் செய்தாலும் அந்நிறமே காணும். இரண்டிலுமிருப்பது மாச்சத்தே, அது குடலில் குளுக்கோஸாக மாறி இரத்தத்திற் கலக்கிறது. மால்டிட்டாலும் சர்க்கரையைவிடக் குறைவாயினும் இரத்தத்தின் குளுக்கோஸை உயர்த்தவே செய்யும். ஆகையால் நீரிழிவுள்ளவர் இதை எண்ணித் தின்னவேண்டுமேயன்றிப் பொட்டலமாகத் தின்னலாகாது.

பொட்டலத்தின் முன்புறத்துப் பெரிய எழுத்தைவிடப் பின்புறத்துச் சிறிய எழுத்தே பயனுள்ளது. சேர்மானங்கள் எடையில் மிகுந்ததிலிருந்து குறைந்தது வரையில் வரிசையாகக் குறிக்கப்பட்டிருக்கும். மைதா முதலிலும் பனையெண்ணெய் அடுத்தும் இருந்தால் சரக்கின் தன்மை அதிலேயே விளங்கும். மொத்த மாவுச்சத்து, கொழுப்பு ஆகிய இரண்டையும் பார்த்தல் வேண்டும். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரியும் சர்க்கரை 4 கலோரியும் தருவதால், சர்க்கரைக்குப் பதில் கொழுப்பைக் கூட்டிய பண்டம் உடலை இளைக்கச் செய்யாது. எடை குறைப்பதற்காக இவ்வினிப்புச் சரக்குகளை நாடவேண்டாமென்று உலகச் சுகாதார ஸ்தாபனமும் 2023-ல் ஆலோசனை கூறியிருக்கிறது. ‘வெள்ளைச் சீனி சேராதது’ என்னும் வாசகம் வேறு. அதில் வெல்லமோ பேரீச்சையோ இருக்கலாம். நீரிழிவுக்காரருக்கு வெல்லமும் சர்க்கரையே.

வாங்கும்போது ஒன்றை ஒடித்துப் பார்த்தல் நன்று. சத்தத்துடன் ஒடிந்து, வாயில் மாவாக ஒட்டாமல் கரைவது நல்ல சரக்கு. வெளுத்து, ரப்பர் போல் வளைவதும், பழைய எண்ணெய் நாற்றம் வீசுவதும் தள்ளத்தக்கவை. மால்டிட்டால், சார்பிட்டால் சேர்ந்தவற்றை அளவுக்கு மிஞ்சித் தின்றால் வயிறு உப்பிப் பேதியாகும்; சிறுபிள்ளைகளுக்கு இது விரைவில் நேரும். சைலிட்டால் சேர்ந்த பிஸ்கோத்தைக் காவல் நாய்க்குப் போடலாகாது. நாய்களுக்கு அது விஷம்.

இன்சுலினோ மாத்திரையோ கொள்பவர் வயல்வேலையிடையே வியர்த்து, நடுங்கி, மயக்கங்கொண்டால் அது இரத்தச் சர்க்கரை தாழ்ந்ததன் குறியாகலாம். அவ்வேளையில் மடியிலுள்ள இப்பிஸ்கோத்து உதவாது. மாவும் கொழுப்பும் மெதுவாகவே செரிக்கும். நினைவோடிருப்பவருக்கு மூன்று சிறு கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்தல் வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.