கூட்டத்துக்கு ஒரு தூக்குக் கொழுக்கட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். அங்கன்வாடியில் சேர்ந்த மூன்றே மாதத்தில் பதிவேடெல்லாம் மணியாக எழுதுகிறாய் என்று உன் அம்மா பூரித்துப்போய்ச் சொன்னாள். மாதக் கூட்டத்தில் மட்டும் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்துவிட்டு வருகிறாயாமே. நானும் அங்கன்வாடி வேலையில் அப்படி இருந்தவள்தான்.

அப்போது சத்துமாவைப் பாதி வீடுகளில் ஆட்டுக்கு வைத்துவிடுவார்கள். கஞ்சியாகக் காய்ச்சினால் கர்ப்பிணிகளுக்குக் குமட்டும். நான் கொழுக்கட்டையாகப் பிடித்து அவித்துக் கொடுத்தேன், மிச்சமே இல்லை. பக்கத்து ஊர் டீச்சர், "என் ஊரில் ஒருத்தியும் தொடமாட்டேன் என்கிறாள்" என்று கூட்டத்தில் புலம்பியபோது கம்மென்று இருந்தேன். மேற்பார்வையாளர் என் மையத்தை மட்டும் மெச்சட்டுமே என்ற அற்பப் புத்தி.

அதைவிடப் பெரிய தப்பு இன்னொன்று. இரண்டு வயதுப் பையன். தை பிறந்ததும் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டான். எடைப் பதிவேட்டில் ஆறு மாதம் 'ஊரில் இல்லை' என்று எழுதினேன். திரும்பி வந்தபோது மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்கும் கீழே, அளவு நாடாவில் சிவப்பு, அதாவது கடும் ஊட்டக்குறைவு. எந்தச் சூளை என்று கிராம சுகாதார நர்ஸம்மாவுக்குத் தெரிந்திருந்தது. கேட்டிருந்தால் அந்த ஊர் மையத்துக்கு ஒரு வார்த்தை சொல்லி, அங்கேயே எடை பார்த்து மாவு கொடுக்க வைத்திருக்கலாம். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

1975-இல் தொடங்கியபோதே நம் அங்கன்வாடித் திட்டத்தின் 6 சேவைகளில் தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புவது மூன்றையும் சுகாதாரத் துறையோடு சேர்த்தே வகுத்தார்கள். பாதி வேலை நம் கையில் இல்லை, பாப்பா. நர்ஸம்மா தடுப்பூசி போட வரும் நாளில் நாற்காலி போட்டதோடு ஒதுங்கிவிடாதே. இரண்டு பேர் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பெயர் பெயராகப் பாருங்கள். ஐந்து வயது முடிந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றி ஒன்றாம் வகுப்பு டீச்சரிடமும் சொல்லி வை. எந்தப் பிள்ளை திக்குகிறது, எதற்குக் காது மந்தம் என்பது உனக்குத்தானே தெரியும்.

பேசு என்றால் எல்லாவற்றையும் இல்லை. புருஷன் அடித்தான் என்று ஒருத்தி உன்னிடம் அழுதால் அது கூட்டத்துக்கான சங்கதி அல்ல. அவள் சம்மதித்தால் பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசச் சொல், கூடவே உட்கார்ந்திரு.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு தூக்கில் கொழுக்கட்டை கொண்டுபோ. வெந்நீர் தெளித்துத்தான் பிசைய வேண்டும், ஊற்றினால் களியாகிவிடும். உப்பு ஒரு சிட்டிகை, தேங்காய் கொஞ்சம் தாராளமாக.

அன்புடன்,
பெரியம்மா