ஸ்கிரீன் ரெக்கார்டிங்குக்கு மாசச் சந்தா தேவையா?

வேலையோட ஃப்ரீலான்ஸும் பண்றீங்களா? கிளையன்ட்டுக்கு டெமோ வீடியோ அனுப்பணும்னு உடனே டாலர் சந்தா கட்டிடாதீங்க. ரெக்கார்டிங் இலவசமாவே கிடைக்குது. மேக்ல கமாண்ட், ஷிஃப்ட், 5 மூணையும் சேர்த்து அழுத்துங்க. விண்டோஸ் 11-ல ஸ்னிப்பிங் டூல் இருக்கு. நீளமான வீடியோவுக்கு ஓபிஎஸ் ஸ்டுடியோ: வாட்டர்மார்க் இல்ல, நேர வரம்பு இல்ல. செட்டிங்ஸ் பழகத்தான் ஒரு சாயங்காலம் போகும்.

லூம் மாதிரி டூல்ல நீங்க காசு கொடுக்கிறது முக்கியமா லிங்க்குக்கு. ரெக்கார்ட் முடிஞ்சதும் அனுப்பிடலாம், அந்த வசதி நிஜமாவே நல்லாருக்கு. ஆனா கட்டணம் ஆள் கணக்கு. தலைக்கு மாசம் 15 டாலர்னு வெச்சுக்கோங்க: நாலு பேர் டீமுக்கு வருஷம் 720 டாலர், கார்டோட ஃபாரெக்ஸ் கட்டணம் தனி. தினமும் ரெக்கார்ட் பண்றவருக்கு மட்டும் வாங்குங்க. மத்தவங்க ஃபைலை கூகுள் டிரைவ்ல போட்டு லிங்க் அனுப்பட்டும். சந்தாவை நிறுத்துறதுக்கு முன்னாடி பழைய வீடியோக்களை டவுன்லோட் பண்ணிடுங்க.