உறுப்பினர் கட்டணம்: செலுத்துமுன் செய்ய வேண்டிய கணக்கு

நீச்சற்குளம், உடற்பயிற்சி நிலையம், விலங்குக் காட்சிச்சாலை, பேரங்காடி, வாகன உதவி என ஒரு குடும்பத்தின் அன்றாடத் தேவைகள் பலவும் இன்று உறுப்பினர் திட்டங்களாக விற்கப்படுகின்றன. ஒவ்வொன்றின் கட்டணமும் தனியே பார்க்கையில் சிறியது. ஆண்டு முடிவில் கூட்டிப் பார்க்கும்போதே அதன் அளவு தெரியவரும். பொயிண்ட் குக்கில் வசிப்போர் ஒரு திட்டத்தில் சேருமுன் எவற்றை ஆராய வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

1. இலவசமாகக் கிடைப்பவை

பணம் கொடுத்துப் பெற நினைப்பது ஏற்கெனவே இலவசமாகக் கிடைக்கிறதா என்பதே முதற் கேள்வி. பொயிண்ட் குக் நூலகம் உட்பட விண்டம் மாநகராட்சி நூலகங்களில் உறுப்பினராவதற்குக் கட்டணம் இல்லை. அச்சு நூல்களுடன் மின்னூல்களும் ஒலி நூல்களும் அங்கு இரவலாகக் கிடைக்கின்றன. மாதச் சந்தா செலுத்தி இவற்றைப் பெறுவோர் முதலில் நூலகத்தின் பட்டியலைப் பார்ப்பது நன்று.

60 வயதைக் கடந்து, வாரத்துக்கு 35 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்யும் விக்டோரிய வாசிகள் மூத்தோர் அட்டையைக் கட்டணமின்றிப் பெறலாம். அதற்கு மேல் வேலை செய்வோருக்கும் வணிகத் தள்ளுபடிக்கான தனி அட்டை உண்டு, அதுவும் இலவசமே. ஆகவே மூத்தோருக்கான தள்ளுபடி அட்டை என்று எவரேனும் பணம் கேட்டால், அது எதற்கு என்று கேட்டறிய வேண்டும்.

2. ஈடாகும் எண்

உறுப்பினர் கட்டணத்தை ஒருமுறைக் கட்டணத்தால் வகுத்தால், போட்ட பணம் ஈடாக எத்தனை முறை செல்ல வேண்டும் என்பது கிடைக்கும். எடுத்துக்காட்டாக, ஒரு நீச்சற்குளத்தின் மாதக் கட்டணம் 80 டாலர், ஒருமுறை நுழைவு 10 டாலர் எனக் கொள்வோம். மாதம் 8 முறை சென்றால் கட்டணம் ஈடாகும். ஒன்பதாம் முறையிலிருந்தே இலாபம். இங்கே எண்ண வேண்டியது செல்ல விரும்பும் நாட்களை அன்று. கடந்த மூன்று மாதங்களில் உண்மையாகச் சென்ற நாட்களை. புதிதாகத் தொடங்குவோர் முதல் இரு மாதங்களுக்கு ஒருமுறைக் கட்டணம் செலுத்திச் சென்று, தம் வழக்கம் எத்தகையது என அறிந்தபின் சேரலாம்.

வெரிபீ திறந்தவெளி விலங்குக் காட்சிச்சாலைக்கும் இக்கணக்குப் பொருந்தும். விக்டோரிய விலங்குக் காட்சிச்சாலைகளின் உறுப்புரிமை ஒன்றே வெரிபீ, மெல்பேர்ண், ஹீல்ஸ்வில், கையாபிரம் ஆகிய நான்கு இடங்களுக்கும் செல்லும். ஆனால் வார இறுதி, பொது விடுமுறை, பள்ளி விடுமுறை நாட்களில் 16 வயதுக்குட்பட்டோருக்கு அங்கே நுழைவு இலவசம். ஆகவே அந்நாட்களில் மட்டும் செல்லும் குடும்பம் பெரியவர்களின் நுழைவுக் கட்டணத்தை மட்டுமே கணக்கிற் கொள்ள வேண்டும்.

3. தள்ளுபடியும் சேமிப்பும்

மாதம் 7 டாலர் செலுத்தினால் மாதத்தில் ஒரு கொள்முதலுக்கு 10 விழுக்காடு தள்ளுபடி தரும் பேரங்காடித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். அக்கொள்முதல் 70 டாலராக இருந்தால் கட்டணம் ஈடாகும். 300 டாலராக இருந்தால் 23 டாலர் மிஞ்சும். ஆனால் அரிசியும் பருப்பும் மளிகைப் பொருட்களும் இந்திய, இலங்கைக் கடைகளில் குறைந்த விலைக்கு வாங்கும் குடும்பம், தள்ளுபடிக்காக அவற்றைப் பேரங்காடிக்கு மாற்றினால் மிச்சம் கரைந்துவிடும். தேவையற்ற பொருளைத் தள்ளுபடியில் வாங்குவது சேமிப்பு ஆகாது. பெரும் பொதிகளாக விற்கும் உறுப்பினர் அங்காடிகளில் இதனுடன் எரிபொருள் செலவையும், கெட்டுப்போகும் பொருளின் விலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

4. வேறு வகைக் கணக்கு: ஆம்புலன்ஸ்

பயன்படுத்தாமலே ஆண்டு கழிந்தாலும் வீண் எனக் கருத முடியாத உறுப்புரிமையும் உண்டு. குயின்ஸ்லாந்து, டாஸ்மேனியா மாநிலங்களில் அங்கு வசிப்போருக்கு ஆம்புலன்ஸ் கட்டணம் இல்லை. விக்டோரியாவில் நிலைமை வேறு. ஆம்புலன்ஸ் செலவை மெடிகெயார் ஏற்பதில்லை; மெல்பேர்ணில் ஓர் அவசரப் பயணத்துக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கட்டணம் வரலாம். அழைத்தவர் யாராயினும், கட்டணம் நோயாளியைச் சேரும். ஆம்புலன்ஸ் விக்டோரியாவின் ஆண்டு உறுப்புரிமையோ அத்தொகையில் மிகச் சிறு பங்கு. இங்கே ஈடாகும் எண்ணைத் தேடுவது பொருந்தாது. ஒரு பெரிய இழப்பைக் குடும்பம் தாங்குமா என்பதே கேள்வி.

சேருமுன் நான்கு செய்திகளைச் சரிபார்க்க வேண்டும்.

- ஓய்வூதியர் சலுகை அட்டையோ, நலப் பராமரிப்பு அட்டையோ உடையவர்களுக்கு மருத்துவத் தேவையுள்ள ஆம்புலன்ஸ் பயணம் இலவசம். மூத்தோர் அட்டைக்கு இச்சலுகை இல்லை; பலர் இதில் ஏமாறுகின்றனர்.
- தனியார் மருத்துவக் காப்புறுதியில் ஆம்புலன்ஸ் ஏற்கெனவே அடங்கியிருக்கலாம். அவ்வாறாயின் இருமுறை செலுத்த வேண்டியதில்லை.
- குடும்ப உறுப்புரிமை கணவன், மனைவி, சார்ந்து வாழும் பிள்ளைகள் ஆகியோருக்கே உரியது. உடன் வாழும் தாய் தந்தையருக்குத் தனி ஏற்பாடு தேவை.
- வருகை விசாவில் வந்திருக்கும் பெற்றோரின் பயணக் காப்புறுதியில் ஆம்புலன்ஸ் உள்ளதா என்பதை அவர்கள் வருமுன்னரே பார்க்க வேண்டும்.

எந்நிலையிலும் உயிருக்கு ஆபத்து எனில், கட்டணத்தை எண்ணித் தயங்காமல் 000 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

சாலையோர வாகன உதவியும் இவ்வகையினதே. புதிய கார்கள் பலவற்றுக்குத் தயாரிப்பு நிறுவனமே குறித்த காலத்துக்கு இவ்வுதவியை அளிக்கிறது. அக்காலம் முடியும்வரை தனித் திட்டம் தேவையா என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

5. ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

குறைந்தபட்சக் காலம், தானாகப் புதுப்பிக்கப்படும் நாள், விலகுவதற்கான முன்னறிவிப்பு ஆகிய மூன்றையும் கையொப்பமிடுமுன் வாசிக்க வேண்டும். முதல் மாதம் இலவசம் என்னும் திட்டங்களில் கட்டணம் தொடங்கும் நாளை நாட்காட்டியிற் குறித்துவைப்பது உதவும்.

அழைக்காமல் வீட்டு வாசலுக்கு வந்தோ, தொலைபேசியிலோ, வணிக வளாக நடைபாதையில் மறித்தோ விற்கப்படும் 100 டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்திலிருந்து, 10 வேலை நாட்களுக்குள் காரணம் கூறாமல் விலக ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் உரிமை தருகிறது. ஆனால் ஒருவர் தாமே நிலையத்துக்குச் சென்று சேர்ந்தால் இவ்வுரிமை பொருந்தாது. அங்கே ஒப்பந்தத்தின் சொற்களே பெரிதும் தீர்மானிக்கும். வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுப்பதை நிறுத்துவதால் மட்டும் ஒப்பந்தம் முடிவதில்லை, நிலுவை சேரக்கூடும். விலகுவதாக எழுத்தில் அறிவித்து, அதன் படியை வைத்துக்கொள்ள வேண்டும்.

உதவி பெற

நுகர்வோர் சிக்கல்களுக்கு விக்டோரிய நுகர்வோர் விவகார அமைப்பை 1300 55 81 81 என்ற எண்ணிலும், கட்டணங்களைச் செலுத்த இயலாதோர் இலவச நிதி ஆலோசனைக்கு 1800 007 007 என்ற எண்ணிலும் அழைக்கலாம். தமிழில் பேச விரும்புவோர் முதலில் 131 450ஐ அழைத்துத் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேட்டு, பின்னர் வேண்டிய எண்ணுக்கு இணைக்குமாறு கோரலாம்.