வீட்டினுள் செடி வளர்த்தல்

வயலில் கைதேர்ந்த நம் அங்கத்தினர் பலர், வீட்டினுள் வைத்த தொட்டிச் செடியை ஒரு மாதத்தில் இழந்துவிடுகின்றனர். பெரும்பாலும் நீரே காரணம். வெயில் படாத அறையில் மண் எளிதில் உலராது. நாள்தோறும் ஊற்றினால் மண்ணில் காற்றுக்கு இடமின்றி வேர் அழுகும். இலை வாடக் கண்டு நாம் மேலும் ஊற்றுகிறோம், செடி மடிகிறது. ஆகவே, விரலை இரண்டு அங்குலம் மண்ணுள் செலுத்திப் பார்த்து, ஈரமில்லையெனில் மட்டுமே நீர் வார்த்தல் வேண்டும். தொட்டியின் அடியில் துளை அவசியம்.

அழகை நோக்குமுன் அறையின் வெளிச்சத்தை நோக்குக. தறிக்கூடத்தில் ஜன்னல் வெளிச்சம் தறிக்கே உரியது. மங்கிய மூலைக்கு, நார் தரும் மருளின் இனமாகிய பாம்புச்செடி ஏற்றது. இதற்கு மாதம் இருமுறை நீர் போதும். பாவின் அருகே மட்டும் தொட்டி வேண்டா. ஒரு துளிச் சேற்றுநீர் தெறித்தாலும் சேலையின் விலை குறையும்.

மணி பிளாண்ட் கொடிக்குச் சற்றுக் கூடுதல் வெளிச்சம் தேவை. அதன் இலையில் ஊசி போன்ற நுண்படிகங்கள் உள்ளன. கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். தவழும் குழந்தையுள்ள வீட்டில் அதை உறியில் தொங்கவிடுக. தரைக்கு இறங்கும் கொடியைக் கணுவுடன் நறுக்கி நீரிலிட்டால் வேர்விடும். அண்டை வீட்டார்க்கு அளிக்கலாம்.