வாந்தி அடங்கிய பிறகு

தென்மேற்குப் பருவக்காற்று எழுந்த ஜூன் மாதத்தில் மும்பையிலிருந்து கிளம்பும் போர்க்கப்பலில், புதிதாக ஏறிய தம்பிகளுக்கு வாந்தி ஒன்றுதான் கவலை. அது பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். கடற்படையில் இருந்த காலமெல்லாம் நான் அஞ்சியது அதற்குப் பின்னும் தங்கிவிடும் மந்தத்தைத்தான். குமட்டல் இருக்காது, முகமும் தெளிவாக இருக்கும். ஆனால் ரேடார் திரையில் தெரியும் கப்பலின் தூரத்தைக் கேட்டால் பதில் தாமதமாக வரும், சில சமயம் இலக்கம் மாறியும் வரும். இந்த மந்தத்துக்கு சோபைட் சிண்ட்ரோம் என்று 1976-லேயே ஆய்வாளர்கள் பெயர் வைத்துவிட்டார்கள்.

தூக்கமின்மை அதை இன்னும் மோசமாக்கும். படுக்கையில் உருளாமல் இருக்க உடம்பு இரவெல்லாம் இறுகியே கிடக்கும். மெத்தையின் வெளி ஓரத்துக்கு அடியில் போர்வையைச் சுருட்டிச் செருகுங்கள். உடம்பு சுவரோடு அணைந்து நிற்கும், தசைகள் தளரும். கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. அங்குள்ள படுக்கைகளை அடுத்த வாட்ச்சுக்கு, அதாவது காவல் முறைக்கு, போகிறவர்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்.

வாந்தியைத் தடுக்கும் மாத்திரையைக் கரை தாண்டுமுன்பே போட்டால்தான் முழுப் பலன். அவோமின் போன்ற மாத்திரை தூக்கத்தைக் கொண்டுவரும் என்பதால், வாட்ச் நிற்பவர் கப்பல் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது. வெறும் வயிறும் ஆகாது. ரஸ்க், உப்பு பிஸ்கட் போதும்.

தெளிந்த தலையோடு இருந்தாலும், நாலு மீட்டரைத் தாண்டிய அலையில் ஹெலிகாப்டரை இறக்குவதும், எண்ணெய்க் கப்பலோடு இணையாக ஓடி எரிபொருள் வாங்குவதும் உயிரைப் பணயம் வைக்கும் வேலை. 1944 டிசம்பரில் பசிபிக் புயலில் கவிழ்ந்த அமெரிக்க நாசகாரி ஸ்பென்ஸ், அதற்கு முந்தைய நாள் எரிபொருள் வாங்க முயன்று கடலின் கொந்தளிப்பால் முடியாமல், தொட்டிகள் வற்றி இலேசாகிக் கிடந்தது. அந்தப் புயலில் அதனோடு ஹல், மோனகன் என்று மொத்தம் மூன்று நாசகாரிகள் மூழ்கின; ஏறத்தாழ 790 பேர் மாண்டனர். வானிலை எச்சரிக்கை வந்த உடனே தொட்டியை நிரப்பிக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

உருட்டலை அடக்கும் ஃபின் ஸ்டெபிலைசருக்கு வேகம் வேண்டும். அதே வேகத்தில் அலையை எதிர்த்துப் போனால் முகப்பு கடலில் அறைந்து கப்பலே நடுங்கும். இந்த இரண்டுக்கும் நடுவே திசையையும் வேகத்தையும் பார்த்துப் பிடிப்பதில்தான் கேப்டனின் திறமை தெரியும். பணி இடம் கொடுத்தால் அரை மணி நேரம் திசை மாற்றிச் சமையலறைக்கு அமைதி கொடுப்பார்கள் நல்ல கேப்டன்கள். அன்றைக்குச் சூடாகச் சோறு கிடைக்கும், அடுத்த வாட்ச்சின் குரல்களிலேயே தெளிவு கேட்கும்.

மந்தம் தங்கிய தலை இலக்கத்தை மாற்றிவிடும் என்பதால், வாட்ச் மாறும்போது திசை, வேகம், அருகிலுள்ள கப்பல்களின் தூரம் எதையும் வாயால் மட்டும் சொல்லாதீர்கள். எழுதிக் கொடுங்கள், வாங்குபவர் உரக்கத் திருப்பிப் படிக்கட்டும், கப்பலை ஓட்டும் பிரிட்ஜில் மூன்றாவது ஆள் ஒருவர் திரையோடு ஒப்பிடட்டும்.