சாரம் கட்டித் தரும் கருவிகள்: மாணவருக்கு எது ஏற்றது?

கட்டடம் எழும்பும்போது சாரம் கட்டுகிறார்கள். பூச்சு வேலை முடிந்ததும் பிரித்துவிடுகிறார்கள். கல்வியியலில் இச்சொல் நிலைபெறக் காரணமானவர்கள் டேவிட் உட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகிய மூவர். 1976இல் வெளியான அவர்களது ஆய்வில் 3 முதல் 5 வயது வரையுள்ள 30 குழந்தைகள், 21 மரத்துண்டுகளைக் கொண்டு பிரமிடு அடுக்கினர். குழந்தையால் இயலாத பகுதியை மட்டும் ஆசிரியர் தாங்கிக்கொள்வதே சாரம் என அது விளக்கியது.

மென்பொருள் துறையிலும் இதே சொல் வழங்குகிறது. புதிய செயல்திட்டத்திற்கு வேண்டிய கோப்புறைகள், அமைப்புக் கோப்புகள், தொடக்க நிரல் ஆகியவற்றை ஒரே கட்டளையில் உருவாக்கித் தருபவை சாரக் கருவிகள். 12ஆம் வகுப்பில் பைத்தான் கற்கும் மாணவர் செயல்திட்டம் செய்ய விரும்பினால் எதைப் பரிந்துரைப்பது? வெற்றுத் திரையில் விட்டால் சிலர் முதல் நாளே சோர்ந்துவிடுவர். எல்லாவற்றையும் கருவியே செய்து தந்தால் நிரல் இயங்கும். அது ஏன் இயங்குகிறது என்று மாணவருக்குச் சொல்லத் தெரியாது.

நான்கு கருவிகள்

ரூபி ஆன் ரெயில்ஸ் 2004இல் வெளிவந்தது. அதன் 'ஸ்காஃபோல்டு' கட்டளையில் 'மாணவர், பெயர், மதிப்பெண்' எனக் குறிப்பிட்டால் போதும். அட்டவணை அமைக்கும் கோப்பு, பதிவுகளைச் சேர்க்கவும் பார்க்கவும் திருத்தவும் நீக்கவும் உரிய நிரல், சோதனைக் கோப்புகள் அனைத்தும் உருவாகிவிடும். வேகம் மிகுதி, மாணவர் சிந்திக்க எஞ்சுவது குறைவு.

பைத்தானில் எழுதப்பட்ட ஜாங்கோவின் 'ஸ்டார்ட்புராஜெக்ட்' கட்டளை தருவது 6 கோப்புகளே. அமைப்புகளுக்கு ஒன்று, இணைய முகவரிகளுக்கு ஒன்று எனப் பணி பிரிந்திருக்கும். ஒரு பாடவேளையில் அனைத்தையும் திறந்து பார்த்துவிடலாம்.

2013இல் வந்த குக்கிகட்டர், செயல்திட்டத்தின் பெயர் என்ன, எழுதுபவர் யார் எனக் கேள்விகள் கேட்டு, விடைகளை வார்ப்புருவில் நிரப்பித் தரும். முறுக்கு அச்சு போல, வார்ப்புருவை நாமே செய்துகொள்ளலாம் என்பது இதன் சிறப்பு. எம்மொழி நிரலுக்கும் பொருந்தும்.

ஃபேஸ்புக் 2016இல் வெளியிட்ட கிரியேட் ரியாக்ட் ஆப், அமைப்புகளை மாணவர் கண்ணில் படாமல் மறைத்து வைத்தது. 'இஜெக்ட்' கட்டளையால் அவற்றை வெளிக்கொணர்ந்தால் மீண்டும் பழைய நிலைக்கு அக்கருவி வழியே திரும்ப முடியாது. புதிய செயலிகளுக்கு இது வேண்டாம் என 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழுவே அறிவித்தது. வீட் போன்றவை அவ்விடத்தைப் பிடித்துள்ளன. கருவி மாறும், அடிப்படை புரிந்தவருக்கு அம்மாற்றம் சுமையாகாது.

எப்படித் தேர்வது?

மூன்று கேள்விகள் போதும். முதலாவது, உருவான கோப்புகளில் எத்தனையை மாணவர் தம் சொற்களில் விளக்குவார்? இரண்டாவது, ஆய்வகத்தில் இணையம் இல்லாதபோது இயங்குமா? ஜாங்கோவை ஒருமுறை நிறுவிவிட்டால் புதிய செயல்திட்டம் தொடங்க இணையம் தேவையில்லை. கணினியிலேயே வார்ப்புரு இருந்தால் குக்கிகட்டருக்கும் தேவையில்லை. வீட் செயல்திட்டத்திற்கோ தேவையான தொகுப்புகளைப் பதிவிறக்க வேண்டும். மூன்றாவது, வேண்டாத பகுதியை மாணவரால் நீக்க இயலுமா?

இக்கேள்விகளின் அடிப்படையில் நான் வகுப்பில் பின்பற்றும் வரிசை இது. முதல் செயல்திட்டத்தை மாணவர்கள் கையாலேயே தொடங்குவர்: ஒரு கோப்புறை, ஒரு பைத்தான் கோப்பு. அது வளர்ந்து, ஒரே கோப்பில் தேடிக் கண்டுபிடிக்கச் சிரமப்படும்போது ஜாங்கோவை அறிமுகம் செய்கிறேன். குழுவுக்கு ஒரு கோப்பு எனப் பிரித்துக்கொடுத்து, ஒரு வரியை மாற்றினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே எழுதச் சொல்லி, பின் இயக்கிப் பார்க்கச் செய்கிறேன். இறுதியில், அடுத்த ஆண்டு மாணவர்களுக்கான குக்கிகட்டர் வார்ப்புரு ஒன்றை இவர்களே உருவாக்குவர். எது எல்லாருக்கும் பொது, எது ஆளுக்கு ஆள் மாறும் எனப் பிரித்தறிவதே இங்கு உண்மையான மதிப்பீடு.

செயல்திட்ட மதிப்பீட்டின்போது ஏதேனும் ஒரு கோப்பைச் சுட்டி, "இதை நீக்கினால் என்ன நடக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். மாணவர் தயங்காமல் விடை சொன்னால், சாரத்தைப் பிரிக்கும் நேரம் வந்துவிட்டது.